பத்து செக்கனில் அழும் பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். எந்தப் பாடசாலை என்று எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. வருகிற பரிசளிப்பு விழாவில் தரம் 6க்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் மேடையில் கஸீதா படிப்பதையும் பேச்சு நிகழ்ச்சியையும் நிறுத்திவிடுவோம் என்று ஒருவர் யோசனை வைத்தார். நல்ல மனிதர். பிள்ளைகளுக்காக ஓடித் திரிபவர். அவர் சொன்ன காரணம் போன வருடம் நடந்த ஒரு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன், அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. கூட்டத்தில் எழும்பி எதிர்த்துப் பேசினேன். ஆனால் சொல்ல வந்தது ஒழுங்காக வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. நான் படிப்பிக்கிற பாடம் தமிழ் வேறு! அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

தரம் 11 பெண் பிள்ளைகள் இடைவேளையில் ஏதோ ஒரு கதையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். "அனிமே டீச்சர், ஒஷி நோ கோ" என்றார்கள். ஓ.எல். பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணத் தெரியாது, கார்ட்டூன் பார்க்க நேரம் இருக்கிறது என்று ஏசினேன். அதில் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "அது சின்னப் பிள்ளைகள் பாக்கிற கார்ட்டூன் இல்ல டீச்சர். நீங்க பாத்தா அழுவீங்க."

லீவு நாட்களில் மகனைத் தூங்கவைத்துவிட்டுப் பார்த்தேன். அழுதேன் என்று இங்கே எழுதினால் நாளைக்கு வகுப்பில் மரியாதை போய்விடும், ஆகவே அதை விடுவோம்.

ஒஷி என்றால் ஜப்பானில் ஒரு ரசிகர் தனக்கென்று தெரிந்தெடுத்துத் தலையில் தூக்கி வைத்திருக்கும் நட்சத்திரம். அகா அகாசகா கதை எழுத, மெங்கோ யொகொயாரி படம் வரைந்து 2020 இல் பத்திரிகைத் தொடராகத் தொடங்கியது, 2023 ஏப்ரலில் அனிமேயாக வந்தது. ஐ என்று ஒரு பெண். 16 வயது. ஆடிப் பாடும் குழுவில் முன்வரிசை. ரசிகர்களைப் பார்த்து "உங்களை நேசிக்கிறேன்" என்று சொல்வதுதான் அவளுடைய தொழில். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் இருப்பது எவருக்கும் தெரியாது. தெரிந்தால் தொழில் முடிந்தது. அவளைக் கண்மூடித்தனமாக நேசித்த ஒருவனுக்கு அது தெரியவருகிறது. வீட்டுக் கதவைத் தட்டி அவளைக் குத்திக் கொல்கிறான். "எனக்குப் பொய் சொல்லிவிட்டாய்" என்பதுதான் அவனுடைய நியாயம்.

கதையில் மறுபிறப்பு வருகிறது. அது எங்கள் அகீதாவுக்கு ஒத்துவராத விஷயம், அதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். இரத்தம், தற்கொலை எண்ணம், பழிவாங்கல் எல்லாம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கிற படம் இல்லை. உம்மாமார் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கதை சொல்லும் இரண்டு விஷயங்கள் என் தலையை விட்டுப் போகவில்லை.

ஒன்று, அரிமா கனா என்ற பிள்ளை. சின்ன வயதில் அவள் பெரிய நடிகை. "பத்து செக்கனில் அழக்கூடிய பிள்ளை" என்பது அவளுடைய விளம்பரம். கெமராவுக்கு முன்னால் வைத்தால் பத்து எண்ணுவதற்குள் கண்ணீர் வரும். ஊரே கொண்டாடுகிறது. பிறகு அவள் வளர்கிறாள். குழந்தை முகம் போகிறது, அழைப்பும் நின்றுவிடுகிறது. 16, 17 வயதில் அந்தப் பிள்ளை ஓய்வுபெற்ற ஒரு கிழவியைப் போலப் பேசுகிறாள்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் சனி, ஞாயிறு இரவில் இந்தியத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி ஓடுகிறது. பிள்ளை பாடும் முன் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்பார்கள். பின்னால் வயலின் சத்தம் வரும். பிள்ளை அழும், நடுவர் அழுவார், நாங்களும் முந்தானையால் துடைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் பட்டம் வென்றபோது நானும் சந்தோஷத்தில் துள்ளினேன். அந்தத் திறமை உண்மையானது, உழைப்பும் உண்மையானது. ஆனால் ஒரு பிள்ளையின் குரல் மட்டும் போதாது, அதன் கண்ணீரும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் யார்? தொலைக்காட்சிக்காரன் எங்களுக்குப் பிடித்ததைத்தான் சமைத்துத் தருகிறான்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். கதையில் அகானே என்று ஒரு மாணவி. அமைதியான பிள்ளை, நடிப்பை இரவு பகலாகப் படிப்பவள். இளம் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துப் படம் பிடிக்கும் ரியாலிட்டி ஷோ ஒன்றில் சேர்கிறாள். நீ கண்ணில் படவே இல்லை, ஏதாவது செய் என்று நெருக்குகிறார்கள். ஒரு காட்சியில் கையை வீசும்போது அவளுடைய நகம் கூட இருந்த பெண்ணின் முகத்தில் கீறிவிடுகிறது. அந்தப் பெண் உடனே இவளைக் கட்டிப் பிடித்து, பரவாயில்லை என்கிறாள். ஒளிபரப்பில் கீறல் வருகிறது, கட்டிப் பிடித்தது வரவில்லை. அதை வெட்டிவிட்டார்கள். பிறகு போனைத் திறந்தால் வசவு, மூடித் திறந்தால் இன்னும் வசவு. ஒரு புயல் இரவில் அந்தப் பிள்ளை பாலத்தில் போய் நிற்கிறாள்.

கதையில் ஒருவன் வந்து பிடித்து இழுக்கிறான். உண்மையில் அப்படி எவரும் வரவில்லை.

உண்மையான அந்தப் பிள்ளை ஹனா கிமுரா. 22 வயது, தொழில்முறை மல்யுத்த வீராங்கனை. டெரஸ் ஹவுஸ் என்ற நிகழ்ச்சியில் இருந்தார். அவருடைய மல்யுத்த உடையை வீட்டில் இருந்த ஒருவர் கவனமில்லாமல் இயந்திரத்தில் போட்டுப் பாழாக்கிவிட, கோபத்தில் அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டார். விஷயம் அவ்வளவுதான். அந்தக் காட்சி ஒளிபரப்பான பிறகு வந்த வசவுகளைத் தாங்க முடியாமல் 2020 மே 23 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சிக்காரர்கள் தூண்டியதால்தான் மகள் அப்படிச் செய்தாள் என்று தாய் சொன்னார். தாயும் முன்னாள் மல்யுத்த வீராங்கனைதான். தொலைக்காட்சி நிறுவனம் அதை மறுத்தது. எழுதியவர்களில் இரண்டு பேருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆளுக்கு 9,000 யென். ஜப்பானில் ஒரு நாள் கூலி அளவு. அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. 2022 இல் சட்டம் மாறியது. அவமதிப்புக் குற்றத்துக்கு ஒரு வருடம் வரை சிறை, 3 லட்சம் யென் வரை அபராதம் என்று ஆனது.

மகளின் மரணத்தை இப்படி ஒரு கதைக்குச் சரக்காக எடுத்தது அந்தத் தாயின் மனதை நோகடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். பொழுதுபோக்குத் தொழிலின் இருட்டைக் காட்டுகிறேன் என்று வந்த படமும் அந்த இருட்டில்தான் சம்பாதிக்கிறது. எங்கள் பக்கத்திலும் இது நடந்ததுதானே. சில்க் ஸ்மிதா 1996 செப்டம்பரில் செத்துப் போனார். உயிரோடு இருந்த காலத்தில் அவரை ஆபாசம் என்று ஏசிக்கொண்டே படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 2011 இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி இந்தியில் த டேர்ட்டி பிக்சர் வந்தது, அதற்கும் சனம் குவிந்தது. அதற்கு முன்னால் ஷோபா. குழந்தையாக நடிக்க வந்த பிள்ளை. பசி படத்துக்குத் தேசிய விருது. 1980 மே மாதம் அவர் இறக்கும்போது வயது 17. எங்கள் தரம் 12 பிள்ளையின் வயது.

இங்கே சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. "அதுக்குத்தானே டீச்சர் மார்க்கத்தில இதெல்லாம் வேணாம் எண்டு சொல்லியிருக்கு. சினிமா நாசம், பாட்டு நாசம். நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

போவதில்லையா?

2019 ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். சக்தி டீவியில் செய்தி வாசித்த லொஸ்லியா பிக் பொஸ் தமிழ் மூன்றாவது பருவத்துக்குப் போனார். எங்கள் இலங்கைப் பிள்ளை. இரவு ஒன்பதரை ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் அது ஓடவில்லை? வெளிநாட்டில் இருந்த அவருடைய தகப்பன் நிகழ்ச்சிக்குள் வந்தார். மகளைக் கெமராவுக்கு முன்னால் கண்டித்தார். மகள் அழுதாள், தகப்பனும் அழுதார். ஒரு வாப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய பேச்சு அது. அதைக் கோடிக்கணக்கான சனம் பார்த்தது. மறுநாள் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் கூட அதுதான் பேச்சு. தகப்பன் சரியா, மகள் சரியா என்று இரண்டு கட்சி. நானும் ஒரு கட்சியில் இருந்தேன். எந்தக் கட்சி என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் நவம்பரில் அந்தத் தகப்பன் கனடாவில் காலமாகிவிட்டார். அந்தக் காட்சி இன்னும் யூடியூப்பில் இருக்கிறது.

ஹராம் என்று சொல்லிக்கொண்டே பார்த்தோம். பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினோம். ஒரு படம் பார்ப்பதைவிட இது பெரிய பிழை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது போன வருட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் வயதையும் வகுப்பையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

மீலாத் விழாவில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி கஸீதா படித்தாள். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்தக் குரலை நான் போனில் பிடித்தேன். ஒன்றே முக்கால் நிமிடம். அன்று இரவே இந்தப் பக்கத்தில் போட்டேன். பிள்ளையிடமும் கேட்கவில்லை, உம்மாவிடமும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளையின் திறமையை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். எத்தனை லைக் வரும் என்றும் நினைத்தேன். இப்போது மறைத்து என்ன பயன்.

காலையில் 61 கொமெண்ட். நாற்பதுக்கு மேல் மாஷா அல்லாஹ். மிச்சத்தில் கொஞ்சப் பேர் யாருடைய மகள் என்று விசாரித்திருந்தார்கள். ஒன்பது பேர் எழுதியதை இங்கே திருப்பி எழுத முடியாது. வயதுக்கு வந்த பிள்ளைக்கு மேடை எதற்கு என்பதில் தொடங்கி, முக்காடு நின்ற விதம், வாய் திறந்த விதம் என்று போயிருந்தது. மூன்றாம் நாள் எவனோ ஒருவன் பிள்ளையின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து டிக்டொக்கில் விட்டிருந்தான். நான் பதிவை அழித்தேன். அது ஏற்கெனவே வட்ஸ்அப் குரூப் குரூப்பாகப் போய்விட்டது. கட்டாரில் இருக்கும் மாமாவுக்குப் போய், மாமா இரவில் கோல் எடுத்து உம்மாவை ஏசி, வீட்டில் ரணகளம்.

பிள்ளை மூன்று கிழமை பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். உம்மா கதவடியில் நின்று, "ஏன் டீச்சர் போட்டீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. உள்ளேயிருந்து பிள்ளை வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் என்ன பிழை செஞ்ச டீச்சர்?"

அவள் இப்போது வருகிறாள், படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் காலைக் கூட்டத்தில் கிராஅத் ஓதக் கூப்பிட்டாலும் எழும்புவதில்லை.

அந்த ஒன்பது பேரில் நாலு பேரை எனக்குத் தெரியும். முகம் தெரியாத காடையர்கள் இல்லை. ஒருவர் ஜும்ஆவுக்கு முதல் வரிசையில் நிற்பவர். இன்னொருவருடைய மகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன், கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு பெண்ணும் எழுதியிருந்தா. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆயிஷா நாயகியின் மீது பழி சுமத்திய சம்பவம் எல்லோருக்கும் தெரியும். பிரயாணத்தில் கழுத்துமாலை தொலைந்தது, தேடப் போன இடத்தில் பின்தங்கிவிட்டார்கள், மதீனாவில் கதை கிளம்பியது. மத்ரஸாவில் அந்தக் கதையைச் சொல்லும்போது அப்துல்லாஹ் இப்னு உபையின் பெயரை மட்டும் சொல்லி, முனாஃபிக் செய்த வேலை என்று முடித்துவிடுகிறோம். ஆனால் அதைக் காவித் திரிந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். மிஸ்தஹ் இருந்தார், அபூபக்ர் நாயகத்தின் உறவினர், அவருடைய உதவியில் வாழ்ந்தவர். ஹஸ்ஸான் இருந்தார், ஹம்னா இருந்தார். கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தக் கதை மதீனாத் தெருக்களில் சுற்றியது. ஹம்னாவின் சகோதரி ஸைனப் நாயகி, ஆயிஷா நாயகியின் சக மனைவி. வாய்ப்பு இருந்தும் அவர்கள் ஒரு சொல்லும் தப்பாகப் பேசவில்லை, நல்லதைத்தான் சொன்னார்கள். ஸூரா நூர் இறங்கியபோது பழி பேசியவர்களுக்குத்தான் தண்டனை வந்தது. பின்தங்கிப் போனவருக்கு இல்லை. இனிமேல் பெண்கள் பிரயாணம் வர வேண்டாம் என்று எவரும் தீர்மானம் போடவில்லை. அதற்குப் பிறகும் நபியவர்களின் மனைவிமார் பிரயாணம் போனார்கள்.

எங்கள் கூட்டத்தில் நடந்ததோ நேர்மாறு. கொமெண்ட் எழுதிய ஒருவரைப் பற்றியும் பேச்சு வரவில்லை. வீடியோவைப் போட்ட என்னைப் பற்றியும் எவரும் ஒன்றும் சொல்லவில்லை, டீச்சர் என்ற மரியாதையாக இருக்கலாம். தீர்மானம் பிள்ளைகளுக்கு மட்டும்.

ஜப்பானிலும் வழக்கம் இதுதான். 2013 இல் ஏகேபி 48 என்ற பெரிய பாட்டுக் குழுவில் இருந்த 20 வயதுப் பெண் மினாமி மினெகிஷி ஒரு இளைஞனின் வீட்டிலிருந்து வந்ததை ஒரு வாரப் பத்திரிகை படம் எடுத்துப் போட்டது. குழுவில் காதல் கூடாது என்பது கட்டுப்பாடு. அந்தப் பெண் தன் தலையை மொட்டையடித்து, கெமராவுக்கு முன்னால் அழுது மன்னிப்புக் கேட்டாள். ஒளிந்திருந்து படமெடுத்தவன் கேட்கவில்லை. 2016 இல் தோக்கியோவில் மயூ தொமித்தா என்ற 20 வயதுப் பாடகியை ரசிகன் ஒருவன் கத்தியால் பல தடவை குத்தினான். அந்தப் பெண் அதற்கு முன்பே பொலிஸில் போய்ச் சொல்லியிருந்தாள். உயிர் பிழைத்தாள், அவ்வளவுதான். ஒஷி நோ கோவில் ஐயைக் குத்துகிறவன் கற்பனையில் பிறந்தவன் இல்லை.

கேரளாவை எடுங்கள். 2017 இல் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பிறகு, நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தார்கள். 2019 கடைசியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. சனத்தின் கைக்கு வந்தது 2024 ஓகஸ்ட் 19 அன்று. நாலரை வருடம் அலுமாரியில் இருந்தது. படப்பிடிப்பு இடத்தில் மலசலகூடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் தேடிக்கொண்டார்கள் என்று கூட அதில் இருக்கிறது. நான் மற்றப் பெரிய குற்றச்சாட்டுகளை வாசித்ததைவிட இதை வாசித்துவிட்டுத்தான் அதிக நேரம் அப்படியே இருந்தேன். எத்தனை படம் பார்த்திருப்போம், அந்தப் பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று எங்களுக்கு யார் சொன்னது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் ஜக்கி கூகன் என்று ஒரு பிள்ளை, 1921 இல் சார்லி சப்ளினோடு த கிட் படத்தில் நடித்தவன். வளர்ந்து பார்த்தால் அவன் உழைத்த காசை உம்மாவும் அவருடைய இரண்டாவது கணவரும் செலவழித்து முடித்திருந்தார்கள். வழக்குப் போட்டும் கிடைத்தது 126,000 டொலர் மட்டும். அதன் பிறகு 1939 இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் வந்தது. இந்தியாவில் 2017 விதிகளின்படி பிள்ளையை ஒரு நாளில் 5 மணித்தியாலத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, வருமானத்தில் 20 வீதமாவது பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். பிரான்ஸ் 2020 இல் யூடியூப் பிள்ளைகளுக்குச் சட்டம் கொண்டுவந்தது. தன்னுடைய வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அங்கே பிள்ளைக்கே இருக்கிறது.

இங்கே? 2021 இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக்கினோம். நல்ல விஷயம். ஆனால் வாப்பா போனைப் பிடிக்க, ஐந்து வயது மகள் கடைச் சாமானுக்கு விளம்பரம் பேசினால் அதை வேலை என்று யார் கணக்கெடுக்கிறார்கள்? எங்கள் கடற்கரைப் பக்கம் பின்னேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரு பிள்ளை மணலில் விளையாடிக்கொண்டிருக்கும். "அப்படி இல்ல, திரும்ப ஓடி வா, சிரிச்சுக்கிட்டு வா" என்று மூன்று, நாலு தடவை ஓடவிடுவார்கள். நாலாவது தடவை பிள்ளைக்குச் சிரிப்பு வராது. அப்போது தகப்பனுக்குக் கோபம் வரும். வெள்ளைக்காரர் பிள்ளைகளைப் படமெடுத்தால் கேட்டுவிட்டு எடு என்று சண்டைக்குப் போவோம், அது சரிதான். நாங்கள் கேட்பதில்லை.

2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. அது யார் மேல் பாயும் என்ற பயம் பல பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் முக்காட்டைப் பற்றி எழுதிய எங்கள் ஊர் மனிதரைப் பொலிஸில் கொடுக்க நான் விரும்பவில்லை. அவரை நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று மாதம் தயங்கிவிட்டுத்தான் போனேன். "பொதுவாத்தானே எழுதின டீச்சர்" என்றார். பிள்ளை பாடசாலைக்கு வராமல் இருந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி போடச் சொன்னார்.

மேடையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பாட்டும் பேச்சும் ஆசையும் நிற்காது. அது போனுக்குள் போகும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பெயரை மாற்றி, முகத்தைப் பாதி மறைத்து டிக்டொக்கில் போடுவார்கள். ஏற்கெனவே போடுகிறார்கள், உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பாடசாலை மேடையில் டீச்சர்மார் இருக்கிறோம், உம்மாமார் இருக்கிறீர்கள், பாடி முடிந்தால் இறங்கி வந்து கூட்டாளிகளோடு உட்காரலாம். அங்கே எவரும் இல்லை. நள்ளிரவில் "நீங்கள் அழகாகப் பாடுகிறீர்கள், வாய்ப்புத் தருகிறேன்" என்று செய்தி அனுப்பும் ஆள்தான் இருப்பான்.

பரிசளிப்பு விழா பற்றி நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகள் எல்லோரும் மேடை ஏறட்டும். எந்த வயதுக்கு எது பொருத்தம், என்ன உடுப்பு என்பதை டீச்சர்மாரும் உம்மாமாரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. போன்களை மண்டப வாசலில் மேசை வைத்து வாங்குவோம். டோக்கன் கொடுக்கும் வேலையை நானே பார்க்கிறேன். படம் எடுக்க ஒரே ஒரு ஆள். அந்தப் படம் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் போகும், முகநூலுக்குப் போகாது. வெளிநாட்டில் இருக்கிற வாப்பாமார் கோபப்படுவார்கள், தெரியும். அவர்களுக்கு உம்மாவின் வட்ஸ்அப்பில் தனியாக அனுப்பலாம். பாடசாலையின் பக்கத்தில் போடத்தான் வேண்டும் என்றால், பிள்ளையிடமும் வீட்டிலும் எழுத்தில் கேட்டுவிட்டு. பிள்ளை பிறகு எடுக்கச் சொன்னால் அன்றே எடுக்க வேண்டும்.

என் பழைய பதிவுகளில் பிள்ளைகளின் முகம் தெரிந்தவை 34 இருந்தன. நேற்று இரவு இருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

யாருடைய வீட்டிலாவது பிள்ளை போனைப் பார்த்துவிட்டு ஒடுங்கிப் போய் இருந்தால், சாப்பாடு குறைந்தால், தூக்கம் கெட்டால், போனைப் பிடுங்கி ஏசுவதற்கு முன் பக்கத்தில் இருந்து கேளுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. மனம் சரியில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926.

கூட்டம் வருகிற வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு. யோசனை வைத்தவரிடம் இந்தப் பதிவைப் போடும் முன் காட்டினேன். எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் போடுங்கள் என்றார். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்களும் வாருங்கள். கொமெண்ட் பகுதியை மூடியிருக்கிறேன். அந்தப் பிள்ளை யார் என்று கேட்டு எவரும் இன்பொக்ஸ் வர வேண்டாம்.